அடையாளம்

ஒன்று புரியவில்லை என்றால், ‘புரியவில்லை’ என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. ‘அது கெட்டுப் போய்விட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

ஸ்ரீரங்கத்தில் என் மருமான் கல்லூரியில் படிக்கிறான். ட்யூஷன் சொல்லிச் சேர்த்த பணத்தில் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, காசு கேட்காத லினக்ஸை அதில் போட்டான். நண்பன் ஒருவன் கொடுத்த 2018-ஆம் வருஷத்து உபுண்டு. எல்லாம் ஓடிற்று, இன்டர்நெட் மட்டும் வரவில்லை. மதர்போர்டிலேயே பதித்திருக்கும் நெட்வொர்க் சிப்பை யந்திரம் ஏறிட்டும் பார்க்கவில்லை.

திருச்சியில் ஒரு கடைக்காரர், “சிப் போச்சு சார். போர்டையே மாத்தணும், ஏழாயிரம் ஆகும்” என்றார். என் தங்கை பேசாமல் கைவளையலைக் கழற்றினாள்.

“கொஞ்சம் இரும்மா” என்றான் பையன்.

லினக்ஸ் விழித்தெழும்போது ஒவ்வொரு சிப்பையும் ‘நீ யார்?’ என்று விசாரிக்கிறது. சிப் இரண்டு எண்களைச் சொல்லும்: ஒன்று செய்த கம்பெனிக்கு, மற்றது தனக்கு. அந்த ஜோடி ஏதாவது ஒரு டிரைவரின் ஜாபிதாவில் இருந்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

பையன் ‘எல்எஸ்பிசிஐ’ என்று தட்டினான். 10இசி, 8125 என்று பதில் வந்தது. முதல் எண் ரியல்டெக் கம்பெனியுடையது; அது தெரிந்திருந்தது. இரண்டாவதற்குப் பெயரே இல்லை.

“மாமா, செத்துப் போனது பதில் சொல்லுமா? சிப் நன்னாத்தான் இருக்கு. இந்த லினக்ஸுக்குத்தான் அதைத் தெரியலை” என்றான்.

8125-ஐச் சேர்த்துக்கொண்டது 2019 நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4. இவனிடம் இருந்ததோ 4.15. புதியதை இறக்குவதற்கும் இன்டர்நெட் வேண்டுமே! கைபேசியைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் வழியாகப் புதிய கெர்னலை இறக்கினான். மறுபடி இயக்கியதும் கேபிளில் இன்டர்நெட் வந்தது. வளையல் தங்கையின் கைக்குத் திரும்பிற்று.

அவன் ஊருக்கு இது புதிதல்ல. 14-ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது வெளியேறிய உற்சவர் 1371-இல் திரும்பியபோது, இவர்தாமா அவர் என்று யாருக்கும் நிச்சயமில்லையாம். கோயில் துணி வெளுத்த, கண் தெரியாத முதியவர் ஒருவர், திருமஞ்சன ஈர ஆடையைக் கொண்டு ‘நம் பெருமாள் இவரே’ என்று அடையாளம் சொன்னதாகக் கோயில் வழக்கு. உற்சவருக்கு நம்பெருமாள் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

வந்தவரிடம் குறை ஒன்றும் இல்லை. பார்த்தவர்களுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. சிப்பானாலும் மனிதரானாலும், கழித்துக்கட்டுமுன் ‘நீ யார்?’ என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. வளையலும் மிஞ்சும்.