ஸ்டியரிங் பெட்டிக்குள் உருளும் குண்டுகள்

வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். அவற்றில் பலவற்றின் ஸ்டியரிங் பெட்டிக்குள் ஒரு திருகும் அதன்மேல் ஒரு நட்டும் இருக்கும். இரண்டும் நேராகத் தொடாது. நடுவிலுள்ள பள்ளத்தில் எஃகுக் குண்டுகள் வரிசையாக உருண்டு, ஒரு குழாய் வழியே மறுபடி ஆரம்பத்துக்கே வந்துவிடும். சென்னை ரானே மெட்ராஸ் கம்பெனி இந்த வகை ஸ்டியரிங் செய்கிறது. சாதாரணத் திருகில் இரும்போடு இரும்பு உரசி, கொடுக்கிற உழைப்பில் பாதிகூடத் தேறாது. குண்டு போட்டால் 90 சதவீதம் வரை தேறும்.

குண்டு உருளும்வரைதான் இந்தக் கணக்கு. வழுக்கினால்?

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது லாரி டிரைவர். ஸ்டியரிங் நாலு விரல் சும்மா ஆடுகிறதாம். முதலாளி "சமாளிச்சு ஓட்டு" என்கிறாராம். பட்டறையில் பிரித்தபோது எடுத்த குண்டுகளை மேசையில் வைத்தான். ஒன்று ஆணிமுத்து மாதிரி நேராக ஓடியது. இன்னொன்று இரண்டு புரள் புரண்டு நின்றுவிட்டது. ஒரு பக்கம் தட்டை.

"ஏல, பென்சில் மேல ஸ்கேலை வச்சுத் தள்ளுனது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். ஸ்கேல் 20 சென்டிமீட்டர் போனா பென்சில் 10தான் போவும்."

அதேதான். உருண்டால் சரிபாதி; கணக்கு மாறினால் வழுக்கல். ஆராய்ச்சிக்கூடங்களில் பேரிங் குண்டு ஒன்றைக் காந்தமாக்கி, அது சுழல்வதை வெளியிலிருந்தே கருவியால் அளக்கிறார்கள். சுருள் பள்ளத்தில் ஓடுவதால் இந்தக் குண்டுகளுக்குக் கொஞ்சம் வழுக்கல் எப்போதும் உண்டு. எண்ணெய் அதைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெய் வற்றினால்தான் வினை. உருளும் குண்டு எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். ஒரு பக்கம் மட்டும் தட்டையானால், உருளாமல் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தட்டைக் குண்டு பள்ளத்தில் சிக்கினால் ஸ்டியரிங் இறுகிவிடும். மதுரை ரோட்டில், பின்னால் இருபது டன் சரக்கோடு!

திருகு, நட்டு, குண்டு எல்லாம் செட்டாக மாற்றும்வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். இரண்டு நடைப் படி போச்சு. வீட்டுக்காரிக்கு வருத்தம்தான். நான்காம் நாள் முதலாளி புது செட் வாங்கிக் கொடுத்தார்.

லாரி வைத்திருப்பவர்கள் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அசையும் முன்பே அது எவ்வளவு ஓடுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, மாதாமாதம் எழுதி வையுங்கள்.