கம்ப்யூட்டர் என்பது ஒரு வேலையின் பெயர்



ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகள் போன் செய்தால் இப்போது ஒரே கேள்விதான்: "சார், ஏ.ஐ. வந்தா எங்க வேலை போயிடுமா?" கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் கணக்குக் கதைதானே வரும்!

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் இயந்திரம் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள். நாசாவின் லாங்லி மையத்தில் அந்த வேலையைப் பெண்கள்தான் பார்த்தார்கள். பிறகு ஐ.பி.எம். இயந்திரம் வந்தது. கறுப்பினப் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்த டோரத்தி வாகன் (அவரும் முன்னாள் கணக்கு டீச்சர்தான்!) ஃபோர்ட்ரான் கற்றுக்கொண்டு, தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1962-இல் ஜான் கிளென் விண்வெளிக்குப் புறப்படும் முன், இயந்திரம் போட்ட கணக்கை கேத்தரின் ஜான்சன் சரிபார்க்கட்டும் என்றாராம்.

"புதுசா ஏதாவது படி" என்று இன்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். டோரத்தி வேலையில் இருந்துகொண்டே படித்தார். வீட்டுக்கடன் கட்டும் நாற்பது வயதுக்காரனை வெளியே அனுப்பிவிட்டுப் படி என்றால் எப்படிப் படிப்பான்?

உங்களில் பலர் இன்று மேனேஜர்கள். ஆள் குறைக்கும் பட்டியல் மேஜைக்கு வந்தால், அவர்கள் படிக்க ஆறு மாதம் கேட்டுப் பாருங்கள். வேலை போனவர்கள் கூச்சப்படாமல் போன் செய்யுங்கள். மாலையில் வீட்டில்தான் இருப்பேன்.