கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அம்பு

உங்கள் வீட்டில் பால்மரம் சீவிய கத்தி இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

ஒரு பள்ளி விடுமுறையில் பேரனை அழைத்துக்கொண்டு சுங்கை காடுட்டில் ரயிலேறினேன். கோலாலம்பூரில் இறங்கி, கோம்பாக்கில் உள்ள ஓராங் அஸ்லி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஆள் உயரத்தையும் மிஞ்சிய மூங்கில் குழல் ஒன்று இருந்தது. வாயால் ஊதி அம்பு எய்யும் சும்பித்தான் அது. நமது நெகிரி செம்பிலானில் வாழும் தெமுவான் மக்களும் இதை வைத்து வேட்டையாடியவர்கள்தாம். பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஈர்க்குப் போன்ற மெல்லிய அம்புகள்.

“இந்தக் குச்சிக்கா பாட்டி குரங்கு சாகும்?” என்று பேரன் சிரித்தான்.

அருகில் நின்ற பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் மலாயில் விளக்கினார். குச்சி கொல்லாதாம், நுனியில் பூசிய மரப்பால்தான் கொல்லுமாம். ஈப்போ நகருக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரத்தின் பால் அது. பட்டையில் இருபுறமும் சாய்வாகக் கீறி, வடியும் பாலை மூங்கிலில் பிடிப்பார்கள். நெருப்பில் காய்ச்சினால் கறுத்த பசையாகும். நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு வெட்டுப் போட்டிருப்பதால், அம்பு உடலுக்குள்ளேயே முறிந்துவிடும். நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தும். காயத்தைச் சுற்றிய சதையை அறுத்து எறிந்துவிட்டு மீதியைச் சமைப்பார்களாம்.

அவர் விரலால் காற்றில் கீறிக் காட்டியபோது என் கையும் தானாகவே அசைந்தது. முப்பது வருடம் நிரை பிடித்துச் சீவிய கையல்லவா!

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி வேடர்களும் இப்படித்தான் செடி நஞ்சை அம்பில் பூசினார்கள். 1858இல் லிவிங்ஸ்டனுடன் சாம்பெசி ஆற்றுப் பக்கம் போன ஜான் கிர்க் என்ற மருத்துவர், அந்த நஞ்சு பட்டுவிட்ட பல்துலக்கியை அறியாமல் பயன்படுத்தினார். வாய் கசந்தது, நாடி குறைந்தது. அந்த நஞ்சை எடின்பரோவில் பேராசிரியர் பிரேசர் ஆராய்ந்தார். அதிலிருந்து இதய நோய்க்கே மருந்து கிடைத்தது! வேடனின் அறிவு எவ்வளவு பெரியது பாருங்கள்.

வெளியே வந்ததும் பேரன் கேட்டான்: “பாட்டி, நீங்க மரம் வெட்டின கத்தியைக் காட்டுங்களேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. தோட்டம் கைமாறி, லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது, காண்டா வாளியோடு கத்தியையும் நானே எடைக்குப் போட்டேன். ஒரு வெள்ளிகூடத் தேறவில்லை. கஷ்டப்பட்ட காலத்தின் சாமான் கண்ணில் படவேண்டாம் என்று அன்று நினைத்தேன்.

1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்த ரப்பர் மரம் இந்த நாட்டை வளர்த்தது. வளர்த்த கைகள் நம்முடையவை. விடியுமுன் பிரட்டுக்கு ஓடியதும், உள்மரத்தில் காயம் விழாமல் மெல்லிசாகப் பட்டை சீவியதும், மழை வந்தால் மங்குப் பாலும் கூலியும் போனதும் எந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன? காயம் விழுந்தால் மறுபட்டை சரியாக வளராது என்பது அந்தக் காட்டு மனிதரின் அறிவுக்கு எந்த விதத்தில் குறைந்தது?

ஆகவே, வாசகர்களே, கத்தி இருந்தால் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். கூடவே ஒரு தாளில் யார் சீவியது, எந்தத் தோட்டம், எத்தனை மரம் என்று எழுதி வையுங்கள். விளக்கிச் சொல்ல அந்தப் பெரியவர் இல்லாவிட்டால் அம்பு எங்களுக்கு வெறும் குச்சிதான். சொல்ல ஆளில்லாத கத்தியும் வெறும் இரும்புதான்.

என்னிடம் கத்தி இல்லை. அதனால் பேரனை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் நீங்கள் எப்போது கேட்கப் போகிறீர்கள்?