எட்டப்பன் யார்?

ஒருவரைத் திட்ட நம்மிடம் ஆயிரம் வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் ஓர் அலுவலகத்தில் ஒருவரை ஒரேயடியாக ஒதுக்கி வைக்க ஒரே ஒரு பெயர் போதும்: எட்டப்பன். கட்டபொம்மன் படம் 1959-ல் வந்த பிறகு அந்தப் பெயர் பட்டிதொட்டியெல்லாம் பரவிவிட்டது. எட்டயபுரத்தார் பக்கம் நியாயம் உண்டா இல்லையா என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். அந்தப் பெயரை நாம் யாருக்கெல்லாம் வைக்கிறோம் என்பதுதான் என் விஷயம்.

அரசாங்க வேலையில் இருக்கும் ஒருவர் உள்ளே நடக்கும் தப்பைப் பார்த்துவிட்டு வெளியே சொல்கிறார். அவரை எப்படிப் பார்ப்பது? ரகசியத்தைக் கசியவிட்டவர் என்றா, உளவாளி என்றா? 2013-ல் எட்வர்ட் ஸ்னோடென் என்பவர், அமெரிக்க உளவு நிறுவனம் சொந்த மக்களின் தொலைபேசி விவரங்களையே மொத்தமாகச் சேர்த்து வைப்பதை வெளியிட்டபோது உலகம் முழுக்க இந்தக் கேள்வி எழுந்தது. அவர் மீது உளவுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு எமரால்டில் வந்து உட்கார்ந்திருக்கும் எனக்கு, இதற்குப் பதில் தேட அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று தோன்றுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்துக்கு ரகசியம் வேண்டும். எங்கள் நீலகிரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. குன்னூர் பக்கம் அருவங்காட்டில் நூறு வருடத்துக்கு மேலாக வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. பக்கத்திலேயே வெலிங்டனில் ராணுவம் இருக்கிறது. அந்தச் சுவர்களுக்குள் எது எப்படிச் செய்யப்படுகிறது என்பது எனக்கும் உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. அதை ஒருவன் காசுக்காக வேற்று நாட்டானிடம் விற்றால் அவன் உளவாளி. அவனுக்காக வாதாட நான் வரமாட்டேன்.

இதற்காக நம்மிடம் இருக்கும் சட்டம் அலுவலக ரகசியச் சட்டம். வெள்ளைக்காரன் 1923-ல் போட்டது. அதில் 3-வது பிரிவு உளவு பார்ப்பதற்கு. ராணுவம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 14 வருடம் வரை சிறை. 5-வது பிரிவு அதிகாரமில்லாமல் தகவலைக் கொடுப்பதற்கு. 3 வருடம் வரை. கொடுத்தவருக்கு மட்டுமல்ல, தெரிந்தே வாங்கியவருக்கும் தண்டனை உண்டு. ஆக, உளவாளி வேறு, கசியவிட்டவர் வேறு என்று அந்தக் காலத்திலேயே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ரகசியம் என்றால் எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. "மக்கள் நன்மைக்காகச் சொன்னேன்" என்று ஒருவர் தன் தரப்பை எடுத்துச் சொல்லவும் அதில் இடம் இல்லை. இந்தச் சட்டத்தையே நீக்கிவிடலாம் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006-ல் சொன்னது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது சத்யேந்திர துபே விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய இளைஞர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. பீகார் மாநிலம் சிவான் மாவட்டத்துக் கிராமத்துப் பையன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்தவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் சேர்ந்து, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்கண்டின் கோடர்மா பகுதியில் வேலை பார்த்தார். பெரிய கம்பெனிகள் வேலையை எடுத்து, தகுதியில்லாத சின்ன ஒப்பந்ததாரர்களிடம் கைமாற்றி விடுவதையும், தரம் கெட்டுப் போவதையும் பார்த்தார். 2002 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய்க்குக் கடிதம் எழுதினார். தான் யார் என்று தெரிந்தால்தான் கடிதத்தை மதிப்பார்கள் என்று தன் விவரத்தைத் தனித் தாளில் வைத்தார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதம் அவர் பெயரோடேயே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து அவர் வேலை பார்த்த ஆணையத்துக்கே வந்து சேர்ந்தது. 2003 நவம்பர் 27-ம் தேதி விடிகாலையில், கயாவில், ரயிலில் இருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பது. வழிப்பறியில் நடந்த கொலை என்று சி.பி.ஐ. சொன்னது. 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கடிதத்துக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்பதைப் பலர் இன்றும் ஏற்கவில்லை. அது எப்படியோ போகட்டும். நான் பார்ப்பது அதற்கு முந்தைய விஷயத்தை. துபே பத்திரிகைக்குப் போகவில்லை. எதிரி நாட்டிடம் போகவில்லை. தன் நாட்டின் பிரதமரிடம் போனார். அவர் காப்பாற்றச் சொன்ன ஒரே ஒரு ரகசியம் அவருடைய பெயர். அதைக் கசியவிட்டது யார்? அலுவலகம்தானே!

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. ஏனென்றால் அதன் சின்ன வடிவத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் மலையில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். எங்களோடு வேலை பார்த்த ஒர்க் இன்ஸ்பெக்டர் ஒருவர், மஸ்டர் ரோலில் இல்லாத ஆட்கள் பெயரில் கூலி போவதைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு பெயர் ஏற்கெனவே செத்துப்போனவருடையது. கூலி வாங்க வேண்டிய தோட்டத்துப் பெண்கள் சிலர் வேலை கேட்டு வந்து, ஆள் நிரம்பிவிட்டது என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. மொட்டைப் பெட்டிஷன் போடச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். "மொட்டைப் பெட்டிஷனைக் குப்பையில் போடுவான் சார்" என்று சொல்லி, பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு எழுதினார்.

மூன்று வாரம் கழித்துத் தபால் பையில் அந்தக் கடிதமே வந்தது. நகல்கூட இல்லை, அசல். "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற முத்திரையோடு. யார் மீது புகாரோ அந்த அதிகாரி பெயருக்கு! நான் பதிவேட்டில் எண் போட்டு உள்ளே அனுப்ப வேண்டியவன். அனுப்புவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி சார், போட்டு அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவருக்குப் பெயர் எட்டப்பன். அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் கூடலூர் பக்கம் மாற்றல். அவருடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை நடு வருடத்தில் விட்டுப் போனார்கள். பிறகு ஆடிட் வந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்து, பணத்தைப் பிடித்தம் செய்தார்கள். ஆனால் எட்டப்பன் என்ற பெயரை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. செத்தவன் பெயரில் கூலி எடுத்தவருக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் கடைசிவரை வரவேயில்லை.

உளவாளி என்ற பெயரும் இப்படித்தான். அது எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணனைவிட வேறு சாட்சி வேண்டாம். இஸ்ரோ விஞ்ஞானி. ராக்கெட் ரகசியத்தை விற்றார் என்று 1994 நவம்பரில் கைது செய்தார்கள். அவர் மீது போட்டது இதே ரகசியச் சட்டம்தான். 1996-லேயே சி.பி.ஐ. வழக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. 1998-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனாலும் 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட 2018 வரை ஆனது. அவர் எதையும் வெளியே சொன்னவரே இல்லை. அவருக்கே அந்தக் கதி என்றால், உண்மையிலேயே ஒரு காகிதத்தை வெளியே கொடுத்தவரை உளவாளி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

2019-ல் அதையும் பார்த்தோம். ரஃபேல் விமானம் வாங்கியது பற்றிய பாதுகாப்பு அமைச்சகக் காகிதங்களை 'தி இந்து' பத்திரிகையில் என். ராம் வெளியிட்டார். அவை திருடப்பட்டவை, ரகசியச் சட்டம் பாயும் என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது. ஏப்ரல் 10-ம் தேதி மூன்று நீதிபதிகளும் அந்த ஆட்சேபனையைத் தள்ளிவிட்டு, காகிதங்களைப் பார்க்கலாம் என்றார்கள். அதே நவம்பரில் மறுஆய்வு மனுக்களையும் தள்ளுபடி செய்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெளியே வந்த காகிதம் எல்லாம் ஊழலுக்கு ஆதாரம் என்று ஆகிவிடாது. ஆனால் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும்.

நான் என் மனசுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மூன்று கேள்விகள். ஒன்று, தகவல் யாரிடம் போனது? உளவாளி எதிரியிடம் தனியாகக் கொடுக்கிறான், அது வெளியே தெரியக்கூடாது என்றே நினைக்கிறான். தப்பைச் சொல்பவர் அந்தச் சொத்தின் சொந்தக்காரரிடம், அதாவது மேலதிகாரியிடமோ மக்களிடமோ, கொண்டுவருகிறார். இரண்டு, யாருக்கு லாபம்? உளவாளிக்குக் கூலி வரும். சொல்பவருக்கு மாற்றல் உத்தரவுதான் வரும். மூன்று, தேவையான அளவுதான் சொன்னாரா? ரோடு போட்டதில் நடந்த திருட்டைச் சொல்ல, ராணுவம் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்னோடென் விஷயத்தில் முதல் இரண்டுக்கும் என்னால் பதில் சொல்ல முடிகிறது. மூன்றாவதில் நியாயமான ஆட்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். ஆனால் அந்தச் சண்டை அளவைப் பற்றியது. அதை வைத்து ஒருவரைத் துரோகி என்று சொல்லிவிட முடியாது.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஒற்றன் வேலை அவருக்குத் தாழ்ந்ததில்லை. ஆனால் அரசனை இடித்துச் சொல்பவரை அவர் அந்த அதிகாரத்தில் வைக்கவில்லை. பெரியாரைத் துணைக்கோடலில், அரசன் தேடிப்பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய துணையாக வைத்தார். அவர் பிரித்த அளவுக்குக்கூட நாம் பிரிக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என் தங்கை மகன் வடக்கே ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் இன்ஜினீயர். கல்யாணமாகி இரண்டு வருடம், கைக்குழந்தை இருக்கிறது. போன மாதம் போனில், "மாமா, பில்லில் இருக்கிற கம்பி தூணுக்குள்ள இல்ல. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். பேசாமல் இரு என்று சொல்ல வாய் வரவில்லை. போய் மோது என்று சொல்லவும் மனசு வரவில்லை. அந்தத் தூணுக்குக் கீழே நாளைக்கு யாரோ ஒருவருடைய பிள்ளை நடந்து போகும்.

துபே செத்த பிறகு 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டது. மத்திய அரசு, அதன் நிறுவனங்கள் பற்றிய புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு நேரே அனுப்பலாம். மூடிய உறையில், பொது நலன் வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் புகார் என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். உறை மேல் அனுப்புநர் பெயர் போடக்கூடாது. உள்ளே பெயரும் விலாசமும் கட்டாயம் இருக்க வேண்டும். பெயரை அவர்கள் வெளியே விடக்கூடாது. இதை அவனுக்குச் சொன்னேன். வேறு சிலவும் சொன்னேன்: நீ உன் வேலையில் பார்த்ததை மட்டும் எழுது, கேள்விப்பட்டதை எழுதாதே. தேதி, அளவு, பில் எண் போடு. கோபத்தை எழுதாதே. ஆபீஸ் கம்ப்யூட்டரில் டைப் செய்யாதே. முதலில் உன் மனைவியிடம் சொல்லு.

"சட்டம் ஒண்ணு வந்துச்சே மாமா?" என்றான். வந்தது. தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம், 2014. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்ற அறிவிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. 2015-ல் அதைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். ரகசியச் சட்டத்துக்கு எதிராக அதில் இருந்த பாதுகாப்பையும் எடுத்துவிடப் பார்த்தார்கள். மக்களவையில் நிறைவேறியது, பிறகு 2019-ல் அது காலாவதியாகிவிட்டது. உளவாளியைப் பிடிக்கும் சட்டம் நூறு வருடமாக வேலை செய்கிறது. உண்மை சொல்பவரைக் காக்கும் சட்டத்துக்கு ஒரு தேதி கிடைக்கவில்லை.

அவன் எழுதினானா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவன் பெயர் வெளியே வராமல் இருக்க, தெரிந்தவர்கள் எண்ணிக்கை குறைவாக இருப்பது நல்லது. அதில் மாமாவும் அடக்கம்.