மெல்லிசான லாப்டொப் வேண்டாமெண்டு விட்டம்

அண்ணாவியார் ஆடிக்காட்டின 4 மணித்தியால வீடியோவைச் சுருக்க எங்கட பழைய லாப்டொப்புக்கு ஒரு இரவு போதேல்லை. விடியப் பார்த்தால் சூட்டில தானா நிண்டுபோயிருந்தது.

நாங்கள் 6 பேரும் காசு சேர்த்துக் கடைக்குப் போனம். மெல்லிசான ஒன்றிலதான் முதல் கண் போச்சு. ஆனால் மணிக்கணக்கா என்கோட் பண்ணினால் அது சூடேறி வேகம் விழும். குயிக் சிங்க் கெதியா முடிக்கும். அதே தரத்துக்கு ஃபைல் பெரிசாகும். எங்களுக்குச் சின்ன ஃபைல் வேணும், அண்ணாவியாரின்ர மகள் ஃபோனிலதான் பார்ப்பா. அதுக்குப் புரொசசரே வேலை செய்யவேணும். கோர் கூட இருந்தால் நல்லம்.

பாவிச்ச, தடிச்ச, 6 கோர் உள்ள ஒன்றை எடுத்தம். ஹாண்ட்பிரேக் இலவசம். மிச்சக் காசுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், மூலப்பிரதியை அழிக்காமல் வைக்க.

நாங்கள் அனுப்பேக்க அண்ணாவியாரின்ர அந்திரட்டி முடிஞ்சிருந்தது. அக்கா எழுதின பதில் ஒரு வரிதான்: அப்பான்ர சதங்கைச் சத்தம் தெளிவாக் கேக்குது.