நெல்லுக்கும் ஒரு வளைகாப்பு!

"பாலித் தீவுக்குப் போய் வந்தேன்" என்று சொன்னால் போதும், "கடற்கரை எப்படி? ஓட்டல் எப்படி?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் கடற்கரையைப் பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம். மற்ற மூன்று நாளும் ஒரு மலையடிவாரக் கிராமத்தில், முக்கால்வாசி நேரம் ஒரு வீட்டுச் சமையலறையில்தான் கழிந்தது. அந்தக் கதையைத்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

என் கொழுந்தனார் சிங்கப்பூரில் வேலையாக இருக்கிறார். 2024-ம் வருஷம் ஏப்ரல் கடைசியில் நானும் என் கணவரும் அங்கே போயிருந்தோம். "அண்ணி, இவ்வளவு தூரம் வந்துட்டு பாலி பார்க்காமப் போகலாமா?" என்று கிளப்பிவிட்டவள் என் ஓரகத்தி. அவள் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். மலாய் சரளமாகப் பேசுவாள். மலாயும் இந்தோனேசிய மொழியும் அக்கா தங்கை மாதிரி. அதனால் எனக்கு வாய் அவள்தான்!

கொஞ்சம் கவனித்துக் கேட்டால் நம் வார்த்தைகள் கூட அதில் தலைகாட்டுகின்றன. கடைக்கு 'கெடை', கப்பலுக்கு 'கப்பல்', மாங்காய்க்கு 'மங்கா'. அந்தக் காலத்து வியாபாரிகள் விட்டுவிட்டு வந்தவை.

கிராமத்தின் பெயர் ஜாத்திலுவி. டென்பசார் நகரத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதை, இரண்டு மணி நேரம் ஆயிற்று. பத்துகாரு என்கிற 2,276 மீட்டர் உயர மலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தபனான் மாவட்டத்தைச் சேர்ந்தது. பாலியின் நெற்களஞ்சியம் என்று தபனானைச் சொல்கிறார்கள். காரை விட்டு இறங்கியதும் எனக்குப் பேச்சே வரவில்லை. மலையை யாரோ படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் பச்சைப் பாயை விரித்த மாதிரி வயல்கள்! ஒரு வயலில் நிறைந்த தண்ணீர் வழிந்து அடுத்த வயலுக்கு, அங்கிருந்து அதற்கும் கீழே என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சலசலப்பு ராத்திரி தூக்கத்திலும் காதில் கேட்டது.

ஒரு விவசாயி வீட்டில் தங்கினோம். வீட்டு அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அங்கே பெரிய பெண்மணிகளை 'இபு' என்று கூப்பிடுகிறார்கள். அம்மா என்று அர்த்தம். நானும் இபு என்றே கூப்பிட்டேன். வீட்டில் அவள் கணவர், மகன், மருமகள், இரண்டரை மாதக் கைக்குழந்தை. மகன் தெற்கே கடற்கரைப் பக்கம் ஓட்டல் ஒன்றில் கார் ஓட்டுகிறான். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவான்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து போனால், இபு குளித்து முடித்துக் குருத்தோலையில் சின்னச் சின்னத் தட்டுகள் பின்னிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் நிறத்துக்கொரு பூ. இதற்கு 'சானாங்' என்று பெயர். தினமும் வாசல், வீட்டுக் கோயில், அடுப்பு, கிணற்றடி என்று எல்லா இடத்திலும் வைத்து ஊதுபத்தி ஏற்ற வேண்டும். பாலி மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது சமையல். விறகடுப்பும் இருக்கிறது, பக்கத்தில் பச்சை நிறத்தில் 3 கிலோ காஸ் சிலிண்டரும் இருக்கிறது. 2007-ல் அரசாங்கம் மண்ணெண்ணெய் அடுப்பை விடச் சொல்லி வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தது இந்தச் சின்ன சிலிண்டர்தான். காலையில் ஒரே தடவை சமையல்! சாதம், காய், சம்பால் எல்லாம் செய்து மூடி வைத்துவிட்டால், யாருக்கு எப்போது பசிக்கிறதோ அவரவர் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். "சாப்பிட வாங்க, ஆறிப் போகுது" என்று தொண்டை வரளக் கூப்பிடுகிற வேலை கிடையாது. எனக்குப் பொறாமையாக இருந்தது, போங்கள்!

ஆனால் ஒரு நியமம். சமைத்த சாதத்தில் முதலில் துளித்துளியாக எடுத்துச் சின்ன வாழையிலைத் துண்டுகளில் வைத்து, அடுப்புக்கும் தண்ணீருக்கும் அரிசிப் பானைக்கும் வாசலுக்கும் படைத்த பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். காக்கைக்கு வைக்காமல் சாப்பிடாத என் மாமியார் நினைவுக்கு வந்தார்.

அன்று இபு பெரிய தட்டு ஒன்றையும் தயார் செய்தாள். பூ, பழம், பலகாரத்தோடு புளிப்பான காய்களும் இருந்தன. "இது யாருக்கு?" என்று கேட்டேன். இபு சிரித்துக்கொண்டே தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, பிறகு வயலைக் காட்டினாள். ஓரகத்தி கேட்டுச் சொன்னதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நெல் பொதி கட்டும் பருவத்தை அவர்கள் கர்ப்பம் என்றே சொல்கிறார்கள். 'பியுகுகுங்' என்று அந்தச் சடங்குக்குப் பெயர். நெல்லுக்கு அதிதேவதை தேவி ஸ்ரீ. கர்ப்பிணிக்கு வாய் புளிப்புக் கேட்கும் இல்லையா? அதனால்தான் புளிப்புக் காய்! நம் பக்கத்திலும் நெல் 'சூல் கட்டியிருக்கு' என்றுதானே சொல்கிறோம். சொல் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் வளைகாப்பே செய்துவிடுகிறார்கள்.

அறுவடையும் அந்த மரியாதையோடுதான். உள்ளங்கைக்குள் மறைகிற மாதிரி 'அனி-அனி' என்று ஒரு சின்னக் கத்தி. அரிவாளைக் கண்டால் தேவி ஸ்ரீ பயந்துவிடுவாளாம். அதனால் கத்தியைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு கதிர் கதிராகக் கொய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். இது இடுப்புயரத்துக்கு மேல் வளரும் பழைய நாட்டு ரகமான சிவப்பு நெல்லுக்கு. விளைய ஐந்து, ஆறு மாதம் ஆகும். கட்டுக் கட்டாகக் கட்டி, கால் வைத்த மரக் களஞ்சியத்தில் அடுக்கி வைக்கிறார்கள். அறுத்த வயலில் வாத்துக் கூட்டத்தை இறக்கிவிட்டால் சிந்திய மணியையும் பூச்சியையும் தின்று, எருவும் போட்டுவிடும்.

தண்ணீர்ப் பங்கீட்டைச் சொல்லாமல் இந்தக் கிராமத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் எல்லாரும் சேர்ந்தது 'சுபாக்' என்கிற சங்கம். 9-ம் நூற்றாண்டிலிருந்தே உண்டு என்கிறார்கள். பாலி முழுவதும் சுமார் 1,200 சுபாக்குகள் இருக்கின்றன. வாய்க்காலின் குறுக்கே மரக்கட்டையைப் போட்டு, அவரவர் பங்குக்குத் தக்கபடி வெட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் தானாகப் பிரிந்து போகும். எப்போது நடவு, எப்போது வயலைச் சும்மா போடுவது என்பதெல்லாம் தண்ணீர்க் கோயில் திருவிழாவோடு சேர்த்து முடிவாகும். ஒரே சமயத்தில் எல்லாரும் அறுத்துவிட்டால், அடுத்த நடவு வரை பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. பட்டினி கிடந்து அழிந்துவிடும்.

1970-களில் அரசாங்கம் புது ரக நெல்லைக் கொண்டுவந்து, "வருஷம் முழுக்க நடுங்கள்" என்று சொல்லிற்று. ஆளுக்கொரு நேரத்தில் நட்டார்கள். தண்ணீர்ச் சண்டை வந்தது, பின்னாலேயே பூச்சியும் வந்தது. இந்தோனேசியா முழுவதும் புகையான் பூச்சி படுத்திய பாட்டில், 1986-ல் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளையே தடை செய்தார்கள். கோயில் கணக்கில் விஷயம் இருக்கிறது என்று ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டி, 1991-ல் புத்தகமே எழுதினார். 2012-ல் யுனெஸ்கோ இந்த வயல்களை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது.

சுபாக் கூட்டத்துக்குப் போவதென்னவோ ஆண்கள்தான். படையலுக்குக் குருத்தோலை பின்னுவது முதல் கதிர் கொய்வது வரை பெண்கள். "கூட்டத்துக்கு நீங்க போறதில்லையா?" என்று கேட்டேன். "போனால் சானாங்கை யார் பின்னுவது?" என்றாள் இபு. எந்த ஊரானாலும் நம் கதை இதுதான்!

இளம் தாய்மார்களுக்குச் சில சங்கதிகள். இபுவின் பேரக் குழந்தை இன்னும் கால் தரையில் படாத குழந்தை. பாலி கணக்கில் மாதத்துக்கு 35 நாள். மூன்று மாதம், அதாவது 105 நாள் முடிகிற வரை குழந்தையைத் தரையில் விடமாட்டார்கள். யாராவது ஒருவர் இடுப்பிலேதான் இருக்கும். 105-ம் நாள் விழா எடுத்துத்தான் முதல் தடவை பாதம் மண்ணைத் தொடும். ஆறு மாதம், 210 நாள் ஆனதும் முதல் பிறந்த நாள்! பிரசவ சமயத்தில் நஞ்சுக்கொடியைத் தேங்காய் ஓட்டில் வைத்து வீட்டு வாசலிலேயே புதைக்கிறார்கள். பெயரும் வரிசைப்படிதான். மூத்தது வயான், அடுத்தது மாடே, மூன்றாவது நியோமான், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயான்!

சடங்கு சடங்காக இருக்க, எடை பார்ப்பதும் தவறுவதில்லை. 'போஸ்யாண்டு' என்று 1980-களில் தொடங்கிய ஏற்பாடு இது. மாதம் ஒரு நாள் ஊர்ப் பொதுக் கொட்டகையில் குழந்தைகளை எடை போட்டு அட்டையில் குறிக்கிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள். நடத்துவது ஊர்ப் பெண்களே. மருமகள் தன் குழந்தையின் அட்டையை எடுத்துவந்து, கோடு மேலே ஏறுவதைப் பெருமையோடு காட்டினாள்.

அந்தப் பெண்ணோடு பேசியதில்தான் வீட்டுக்குள் இருந்த கவலை தெரிந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் அவளும் ஓட்டல் வேலைக்குப் போக நினைக்கிறாள். "வயல் வருஷத்துக்கு இரண்டு தடவை பணம் தரும். ஓட்டல் மாதா மாதம் தரும். குழந்தைக்கு மாதா மாதம்தானே செலவு?" என்றாள். நியாயம்தானே? இபுவும் மறுத்துப் பேசவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, "எனக்குப் பிறகு அனி-அனியை யார் பிடிப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன்" என்றாள். தெற்குப் பக்கத்தில் எத்தனையோ வயல்கள் ஓட்டலாகவும் பங்களாவாகவும் ஆகிவிட்டன. மேலே வயல் போனால் கீழே இருப்பவனுக்கு வாய்க்கால் போய்விடும். ஒருவர் விற்றால் ஒருவரோடு நிற்கிற விஷயம் இல்லை.

சமையல் குறிப்பு இல்லாமல் எழுதினால் சும்மா விடுவீர்களா? அங்கே 'உராப்' என்று ஒரு பதார்த்தம். காராமணிக்காய், கீரை, முளை கட்டிய பயறு இவற்றைத் தனித்தனியாகக் கொதிநீரில் போட்டு எடுத்து, நன்றாகப் பிழிந்து வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சிவப்பு மிளகாய், ஒரு துண்டு கச்சோலம் நசுக்கி, கொஞ்சம் எண்ணெயில் வதக்குங்கள். துருவிய இளந்தேங்காய், உப்பு சேர்த்துக் காயோடு பிசறி, எலுமிச்சை பிழிந்தால் உராப் தயார். கச்சோலம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இறால் விழுது சேர்ப்பார்கள், சைவர்கள் விட்டுவிடலாம். சிவப்பரிசியைப் பொன் கருகலாக வறுத்து, கொதிக்க வைத்து வடிகட்டி டீ மாதிரியும் குடிக்கிறார்கள். மலைக் குளிருக்கு வெகு இதம். சிவப்பரிசியில் தவிடு இருப்பதால் நார்ச்சத்து அதிகம். அதற்காகச் சர்க்கரை வியாதிக்காரர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. அதுவும் அரிசிதானே, அளவு வேண்டும்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நவம்பர் முதல் மார்ச் வரை மழை. கோயிலுக்குள் போக இடுப்பில் கைலியும் அதன் மேல் ஒரு துணிக் கச்சையும் கட்ட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே போகக் கூடாது. வரப்பில் நடக்கும்போது படையல் தட்டை மிதித்துவிடாதீர்கள். பயிரையும்தான்.

கிளம்புகிற அன்று காலை, இபு என்னிடம் கேட்டாள்: "உங்களுக்கு நிலம் உண்டா?"

"இருந்தது" என்றேன். திருவையாறு பக்கத்தில் என் அப்பாவின் ஒண்ணேகால் ஏக்கர். அப்பா போன பிறகு 2011-ல் அண்ணன் விற்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். என் பங்கு வீட்டுக் கடனுக்குப் போயிற்று. நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

இபு 'ஐயோ' என்று சொல்லவில்லை. விலை கேட்கவில்லை. "அப்படியானால் உங்கள் பங்குத் தண்ணீர் இப்போது யாருக்குப் போகிறது?" என்று கேட்டாள். ஓரகத்தி அதை மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பதில் தெரியாமல் நின்றேன். பதின்மூன்று வருஷத்தில் ஒரு தடவை கூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

ஊருக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அது பிளாட் போட்டு வருஷக்கணக்காச்சேம்மா. வாய்க்கால் தூர்ந்து போச்சு. நமக்குக் கீழே இருந்தவங்களும் வித்துட்டாங்க, தண்ணி வராம என்ன பண்ணுவாங்க?" என்றார்.

நாங்கள் வந்த ஆறு மாதத்தில், 2024 நவம்பரில், உலகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக ஜாத்திலுவியை ஐ.நா. சுற்றுலா அமைப்பு தேர்ந்தெடுத்தது என்று படித்தேன். ஓரகத்திக்கு அந்த மருமகள் அவ்வப்போது செய்தி அனுப்புகிறாள். ஓட்டல் வேலையில் சேர்ந்துவிட்டாளாம். அடுத்த அறுவடைக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்து, மாமியாரோடு வயலில் இறங்கினாளாம். கையில் அனி-அனியோடு ஒரு படமும் வந்தது. வரப்பில் குழந்தை, இரண்டு காலையும் சேற்றில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

இபு கொடுத்த சிவப்பரிசியில் இன்னும் ஒரு படி என் டப்பாவில் இருக்கிறது. அவள் கேள்விக்கு அண்ணன் சொன்ன பதிலை மட்டும் நான் இதுவரை சொல்லி அனுப்பவில்லை.