கரடியின் காலடியில் ஒரு நம்பர்

கனடாவின் வின்னிபெக் நகரில், நண்பர் வீட்டு ஷோகேஸில் ஒரு கரடி நிற்கிறது. கைக்கடக்கமான மாக்கல் சிற்பம். கல்சட்டி செய்வார்களே, அந்த வகைக் கல். ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் முன்பெல்லாம் இதில் விளக்கும் சமையல் பாத்திரமும் செய்தார்கள். 1949-ல் மான்ட்ரியல் கண்காட்சியில் அவர்களின் சிற்பங்கள் சில நாள்களிலேயே விற்றுத் தீர்ந்தன. பிறகு, செதுக்குவது பலருக்குப் பிழைப்பானது.

செய்தவர் யார் என்று பார்க்கக் கரடியைக் கவிழ்த்தேன். பெயர் இல்லை, ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும்தான். “ஃபேக்டரி சரக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

நண்பர் சிரிக்கவில்லை. “அது ஆளோட நம்பர்” என்றார்.

இனுவிட் மக்களிடம் அப்போது குடும்பப் பெயர் வழக்கம் இருக்கவில்லை. அவர்கள் பெயர்களை எழுதத் தடுமாறிய அரசாங்கம், 1940-களில் ஆளுக்கொரு நம்பர் வில்லை கொடுத்தது. குழந்தைகளுக்கும்தான்! சிற்பிகள் பலர் அதையே கையெழுத்தாகப் பொறித்தார்கள். 1970-களில்தான் அந்த முறை ஒழிந்தது.

நம்பரை வைத்துப் பெயர் தேடப் பட்டியல்கள் இருக்கின்றன. அன்றிரவு இருவரும் உட்கார்ந்து தேடினோம். கிடைத்தது. ஒரு சீட்டில் எழுதி, கரடியின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.